படத்தில் இருப்பவர் அவரே

"இந்தப் படத்தில் இருப்பவரும் மனுவில் கண்ட நபரும் ஒருவரே என்று சான்றளிக்கிறேன்." வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்த நான் இந்த வரியைக் கணக்கில்லாமல் எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதப் போகிறீர்கள். கொஞ்ச நாளில் மனசைக் கேட்காமலே கை எழுதும். பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களிடம் பேசச் சொன்னபோது, சட்டமும் விதியும் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அந்த வரியை எழுத முடியாமல் பேனாவை மூடி வைத்த கதை ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது என்றேன்.

எண்பதுகளின் தொடக்கம். கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர்கள் புதிதாக வந்துகொண்டிருந்தார்கள். பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் ஒரு தாலுகா ஆபீசில் நான் வருவாய் ஆய்வாளர். முன்பு எழுத்தராக இருந்ததும் அதே ஆபீசில்தான்.

ஒரு நாள் காலையில் பாப்பாத்தி என்ற அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைப் புடவை. கையில் ஒரு மஞ்சள் பை.

"எம் மவ அஞ்சலை மலேயாவுல இருக்கா சார். விசா புதுப்பிக்கணுமாம். மாப்புள எல்லாத்தையும் எழுதி அனுப்பியிருக்காரு."

மாப்பிள்ளை தங்கராசு அங்கே எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர், அந்த நாட்டுக் குடிமகன். அவர் மனைவி என்ற முறையில்தான் அஞ்சலை அங்கே தங்கியிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். கல்யாணம் இன்னும் நிலைத்திருக்கிறது, படத்தில் இருப்பவர் அதே மனைவிதான் என்று சொந்த ஊரிலிருந்து சான்று போக வேண்டும். கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீது, ரேஷன் கார்டு நகல், இரண்டு படங்கள் என எல்லாம் வரிசையாக நூல் போட்டுக் கட்டியிருந்தன. விசா முடிய நாற்பது நாள் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே மனு என் மேஜைக்கு வந்திருக்கிறது. அப்போது ஜமாபந்தி நேரம், ஊர்க் கணக்குகளையெல்லாம் தணிக்கை செய்யும் மும்முரம். படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்த வரியை எழுதித் தாசில்தாருக்கு அனுப்பிவிட்டேன். ஒத்தாசை செய்ததாகவே அன்று நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை வந்திருந்த தாசில்தார் பழைய கோப்போடு ஒப்பிடாமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். அதனால் ரெக்கார்டு ரூமிலிருந்து அஞ்சலையின் முதல் கோப்பை எடுத்தேன். கல்யாணமான புதிதில், எட்டு வருஷத்துக்கு முன், அவளே அப்பாவோடு வந்து கொடுத்த மனு. அங்க அடையாளம் என்ற இடத்தில் "வலது கன்னத்தில் மச்சம்" என்று என் கையெழுத்தே இருந்தது. அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். அடையாளம் கேட்டதும் வெட்கப்பட்டு மச்சத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அப்பா சிரித்தார்.

புதுப் படத்திலும் வலது கன்னத்தில் மச்சம் இருந்தது. முகமும் அதே சாயல்தான். ஆனாலும் ஏதோ உறுத்தியது. மச்சத்தின் மேல் தூசி படிந்த மாதிரி தெரிந்ததால், தபால்தலை ஒட்ட வைத்திருக்கும் ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டு, லேசாகத் துடைத்தேன்.

மச்சம் என் விரலோடு வந்துவிட்டது.

படத்தில் கன்னம் சுத்தமாக இருந்தது. என் விரல் நுனியில் கறுப்பாக ஒரு புள்ளி. ஏன் என்று தெரியவில்லை, யாரும் பார்ப்பதற்குள் அதை வேட்டியில் துடைக்கப் போனேன். தலையைத் தூக்கினால் ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் பாப்பாத்தி உட்கார்ந்திருந்தார். என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே போய், "சில விவரம் பாக்கணும்மா, அடுத்த வாரம் வாங்க" என்றேன்.

"சரிங்க" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்ன விவரம், எத்தனை நாளாகும், யாரைப் பார்க்கணும் என்று ஒரு கேள்வி இல்லை. தாலுகா ஆபீசுக்கு வந்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போன மனுஷியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். வாலிகண்டபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாடகை சைக்கிள் எடுத்து, பருத்திக் கொல்லைகளுக்கு நடுவே நாலு மைல் போனேன். போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். தெருவில் நிழலே இல்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, பாப்பாத்தியம்மா வூடு எதுங்க?"

அவர் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அஞ்சலை மலேயாவுல நல்லாருக்கா. பொம்பளப் புள்ள ரெண்டு."

நான் கேட்டது வீட்டை. காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று அடுத்து, அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் குடத்தைப் பிடித்தபடி, "அஞ்சலை மலேயாவுல நல்லாருக்கா. பொம்பளப் புள்ள ரெண்டு" என்றாள். வார்த்தை மாறவில்லை. நிறுத்திய இடமும் மாறவில்லை. தள்ளி ஒரு பெட்டிக்கடை. அங்கே நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் சொல்லிவிட்டார். அதே இரண்டு வாக்கியம்.

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் கடைக்காரர் கையை நீட்டி ஓட்டு வீடு ஒன்றைக் காட்டினார்.

பாப்பாத்தி வாசலில் நின்றிருந்தார். நான் வருவது தெரிந்தவர் போல, "வாங்க சார். மோர் குடிக்கிறீங்களா?" என்றார்.

உள்ளே இருட்டாக இருந்தது. பட்டப்பகலில் ஒரு விளக்கு எரிந்தது. கண் பழகியதும் விளக்குக்கு மேலே சுவரில் இருந்த படம் தெரிந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண். நெற்றியில் குங்குமம் வைத்து, அன்று கட்டிய கதம்பம் போட்டிருந்தது.

"இது யாரும்மா?"

"சின்னவ. சரசு. செத்து நாலு வருஷம் ஆச்சு."

என் பையிலிருந்து விசாப் படத்தை எடுத்தேன். அதைச் சுவர்ப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். நான்கு வயது கூடியிருந்தது, அவ்வளவுதான். அதே கண். அதே மோவாய். மச்சம் இல்லாத அதே கன்னம். செத்துப்போனவள் என்று மாலை போட்ட முகம், போன மாதம் மலேயாவில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாப்பாத்தி மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு உட்கார்ந்தார்.

"பெரியவதான் சார் போயிட்டா" என்றார். "அவ அப்பா செத்ததுக்கு வந்தா. ரெண்டு புள்ளைவளையும் மாமியாகிட்ட வுட்டுட்டுத்தான் வந்தா. சின்னதுக்கு அப்ப ஒன்றர வயசு. வந்த எடத்துல மஞ்சக் காமாலை. பத்தே நாளு. மாப்புள கடுதாசி போட்டாரு, புள்ளைவ ராவும் பகலும் அழுவுது, நான் என்ன பண்றதுன்னு. சின்னவள அவருக்குக் கட்டிக் குடுத்தாலும் புதுசா விசா வாங்கணும், வருசக்கணக்கா ஆவும், கெடைக்குமோ கெடைக்காதோன்னாங்க. பெரியவ பாஸ்போர்ட்டு இருக்கு, ஆளு இல்ல. சின்னவ இருக்கா, பாஸ்போர்ட்டு இல்ல. இத யாரு மொதல்ல சொன்னாங்கன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது சார். நானா, அவளா, ஊருல யாராவதா... ஆனா சொன்னதும் எல்லாரும் சரின்னுட்டோம்."

அக்கா பாஸ்போர்ட்டோடு சரசு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது யாரும் உற்றுப் பார்க்கவில்லை. ஒரு சாவு நடந்தது ஊருக்கே தெரியும், பதிவேட்டில் ஏதாவது ஒரு பெயரை எழுதியாக வேண்டும். ஊரில் பிறப்பு, இறப்பு எழுதி வந்த அப்போதைய முன்சீப் உறவுக்காரர். அவர் சரசு என்று எழுதினார். யார் வந்து கேட்டாலும் ஒரே மாதிரி சொல்வது என்று ஊர் கூடிப் பேசிக்கொண்டது.

"இந்தப் படம், மாலை எல்லாம்?"

"மொதல்ல ஊருக்காவத்தான் சார் மாட்டுனேன். யாராவது வந்து பாத்தா நம்பணுமே. வெளக்கு ஏத்தையில, நீ நல்லாருக்கணும்டின்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். அப்பறம் அப்பறம்..." அவர் படத்தைப் பார்க்கவில்லை. "அமாவாசைக்குப் படைக்கிறேன். சின்னவ பேரச் சொல்லித்தான் படைக்கிறேன். செத்தவளுக்கு ஒருவாட்டிகூடப் பேரு சொல்லிச் சோறு வெச்சதில்ல சார் நான். மத்தியானத்துல இந்த வூட்டுல தனியா இருக்க முடியல."

எழுந்து போய், பானைக்குப் பின்னாலிருந்து ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். விமானத் தபால். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. இன்னும் எனக்கு மறக்கவில்லை.

"அன்புள்ள அம்மாவுக்கு உன் மகள் அஞ்சலை எழுதுவது. நாங்கள் நலம். அம்மா, சரசு கொஞ்ச நாளாக என் கனவில் வருகிறாள். வாசலில் நிற்கிறாள். கூப்பிட்டால் உள்ளே வரமாட்டேன் என்கிறாள். அவளுக்கு விளக்கு ஏற்றுகிறாயா? நிறுத்திவிடாதே. என் கல்யாணத்தன்று மழை பெய்தபோது அவள்தான் எனக்குக் குடை பிடித்தாள். பாவம் அவள்."

இரண்டு தடவை படித்தேன். "இது யார் எழுதினதும்மா?"

"சரசுதான் சார். அவ கையெழுத்துதான். மொதல்லல்லாம் கடுதாசில கீழ ஓரமா 'ச'ன்னு சின்னதாப் போடுவா, எனக்கு மட்டும் தெரியறாப்புல. ஒரு வருசமா அதுவும் இல்ல." அவர் குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது. "எனக்கு இப்ப எந்தப் புள்ள இருக்கு, எந்தப் புள்ள இல்லன்னு சில நேரம் கொழம்பிப் போவுது. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுருங்க சார். அந்தப் புள்ளைவளுக்கு அம்மா வேணும்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? அவசரமாகப் பதில் சொல்லாதீர்கள். நான் கடிதத்தை அந்த அம்மா கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தேன். வெளியே வந்தால், வெறிச்சோடிக் கிடந்த தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றிருந்தார்கள். யாரும் மிரட்டவில்லை, வழி மறிக்கவில்லை. எல்லாருடைய பார்வையும் என் பையின் மேல் இருந்தது. அடிபம்புப் பெண் மட்டும் இரண்டடி முன்னால் வந்தாள்.

"சார், அஞ்சலைக்கு ஒண்ணும் இல்லையே?"

அவள் நடிக்கவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டாள். அதுதான் என்னை அன்றைக்கு மிகவும் பயமுறுத்தியது. நாலு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, அந்த ஊருக்கு அஞ்சலை உயிரோடு வந்துவிட்டாள்.

இரண்டு நாள் அந்தக் கோப்பை மேஜையிலேயே வைத்திருந்தேன். கையெழுத்துப் போட்டால் இரண்டு குழந்தைகளுக்கு அம்மா நிலைப்பாள், எனக்கு ஜெயில் வரலாம். அந்த அச்சத்தை நான் மறைக்கவில்லை. மோசடி என்று போலீசுக்கு எழுதினால் தாய், மகள், மருமகன் மூன்று பேரும் நாசம். நான் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு எழுதிய வரியும் சந்திக்கு வரும். ஆனால் என் மனசில் நின்றது இது எதுவும் இல்லை. அந்தக் கடிதத்தை எழுதியவள்தான். இன்னும் இரண்டு வருஷத்துக்கு நான் கையெழுத்துப் போட்டால் அங்கே சரசு என்று ஒருத்தி மிச்சம் இருப்பாளா? அவளைப் பதிவேட்டில் ஒருவர் கொன்றார். நான் போடும் ஒவ்வொரு கையெழுத்தும் அதையே திரும்பச் செய்கிறது.

மூன்றாம் நாள் கோப்பில் இப்படி எழுதினேன்: "படத்தில் இருப்பவர் நேரில் ஆஜராகாததால் அவரது அடையாளத்தை உறுதிசெய்ய இயலவில்லை. நேரில் வந்தால் பரிசீலிக்கலாம்." ஒரு சொல்லும் பொய்யில்லை. தாசில்தார் அறைக்குப் போய் நடந்ததையெல்லாம் சொல்லி, இரண்டு வருஷத்துக்கு முன் நான் செய்த தவறையும் தனித் தாளில் எழுதி நீட்டினேன்.

"இதை நீங்க எழுதித் தரலன்னா யாருக்குங்க தெரியப் போவுது?" என்றார்.

"எனக்குத் தெரியும் சார்."

அவர் தாளை வாங்கிக் கோப்பில் வைத்தார். "சரி. அந்தப் பொண்ணு வரட்டும். உண்மை அவ வாயாலயே வரட்டும்" என்றார். எனக்கு மெமோவும் வந்தது, ஒரு வருஷ ஊதிய உயர்வும் நின்றது. அது போகட்டும்.

பாப்பாத்திக்கு அந்தத் தாளைக் கொடுத்தபோது அவர் அழவில்லை. "வந்தா, யாரா வருவா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று மாதம் கழித்து அவள் வந்தாள். விசா முடிந்துவிட்டது. குழந்தைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அம்மாவோடு என் மேஜைக்கு முன்னால் நின்றாள். வலது கன்னத்தில் கண்மையால் ஒரு மச்சம்.

"உங்க பேர் என்னம்மா?"

"அஞ்சலை."

தயக்கமே இல்லை. பொய் சொல்பவர்கள் முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது அந்த முகம் இல்லை. கிராமப் பதிவேட்டை வரவழைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தேன். சரசு, பெண், வயது பத்தொன்பது, மஞ்சள் காமாலை. அவள் விரல் வைத்து நிதானமாகப் படித்தாள்.

"பாவம்" என்றாள். "பத்தொம்பது வயசுதானா?"

பாப்பாத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொல் என்று அதட்ட நினைத்திருந்தேன். அதட்டியிருந்தால் அவள் இன்னும் ஆழத்துக்குப் போயிருப்பாள், கையில் சிக்கியே இருக்க மாட்டாள். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு என்ன தோன்றியதோ, பதிவேட்டை மூடிவிட்டு வேறொரு படிவத்தை எடுத்தேன். இறப்பைத் தாமதமாகப் பதிவு செய்யக் கேட்கும் மனு.

"கூடப் பொறந்தவங்க நீங்க ரெண்டு பேரு" என்றேன். "ஒருத்தர் செத்துட்டாங்க. அவங்களுக்கு இன்னும் யாரும் முறையா எழுதிக் குடுக்கல. நீங்க எழுதுங்க. வேற எதுவும் நான் கேக்கல."

பேனாவை வாங்கிக்கொண்டாள். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் 'ச' என்று எழுதினாள். கை நின்றது. ரொம்ப நேரம் அந்த எழுத்தையே பார்த்தாள். பிறகு அதை அடித்துவிட்டு, பக்கத்தில் "அஞ்சலை" என்று எழுதினாள். மனுதாரருக்கு என்ன உறவு என்ற இடத்தில் "அக்கா" என்று எழுதினாள். எழுதி முடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்து, அப்போதுதான் சேதி வந்தவள் போல, "அக்கா செத்துப்போச்சு சார்" என்றாள். அம்மா பக்கம் திரும்பி, "அம்மா, அக்கா செத்துப்போச்சும்மா" என்று அலறினாள்.

ஆபீசில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது. பாப்பாத்தி அவளைக் கட்டிக்கொண்டு "சரசு, சரசு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நாலு வருஷத்துச் சாவுக்கு இரண்டு பேரும் அன்றைக்குத்தான் அழுதார்கள். அழுது முடிந்தபோது அந்தக் கன்னத்தில் மை கரைந்து வழிந்திருந்தது. படிவத்தின் கடைசியில் "சரசு" என்று கையெழுத்துப் போட்டாள். கீழே தேதி கேட்டாள். சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்தது சுலபமாக நடக்கவில்லை. சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் புழுதியைத் தின்றுகொண்டு அரியலூருக்கு ஆறேழு தடவை விசாரணைக்குப் போனோம். பொய்ப் பதிவு ரத்தானது. அடுத்தவர் பாஸ்போர்ட்டில் போனதற்குக் கோர்ட்டில் அபராதம் கட்டினாள். தங்கராசு வந்து, இரண்டு பேருக்கும் முறைப்படி கல்யாணம் பதிவானது. அவள் பெயரிலேயே பாஸ்போர்ட், பிறகு விசா. எல்லாம் முடிய ஒன்றேகால் வருஷம் ஆயிற்று. இடையில் சின்னக் குழந்தைக்கு டைபாய்டு வந்து, பிழைக்குமா என்றிருந்து, பிழைத்தது. குழந்தை பிழைக்காது போலிருக்கிறது என்று வந்த தந்தியை எடுத்துக்கொண்டு பாப்பாத்தி என் வீட்டு வாசலுக்கு வந்தார். அதை என் கையில் கொடுத்துப் படிக்க வைத்துவிட்டுப் போனார். அந்தக் குழந்தை போயிருந்தால் இந்தக் கதையை உங்களிடம் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். நான் செய்தது சரி என்று முழுசாக நம்பவும் முடியாமல், தப்பு என்று ஒப்புக்கொள்ளவும் முடியாமல் எத்தனையோ நாள் தூக்கம் கெட்டிருக்கிறேன்.

உங்களிடம் நான் சொல்ல வருவது இதுதான். உங்கள் கையெழுத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறார். தாளில் சந்தேகம் வந்தால் அந்த ஆளை நேரில் வரச் சொல்லுங்கள். வந்த பிறகு அவசரப்படாதீர்கள்.

மலேயாவுக்குத் திரும்பிப் போய் இரண்டு மாதம் கழித்து ஆபீஸ் முகவரிக்கு எனக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் பெயர் சரசு. குழந்தைகளிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார்களாம். கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: "பெரியவள் என்னைச் சித்தி என்கிறாள். சின்னவள் அம்மா என்கிறாள். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறேன் சார்."